கூடினோம், பேசினோம், என்ன முடிவு செய்தோம்?

(சிலிபினில் தோட்டத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிலிபினில் வாழும் குடும்பங்களுள் பல, ஒரு தலைமுறைக்கு முன்னர் பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவை. தோட்டங்கள் சில துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. இன்று உங்களுள் சிலர் செம்பனைத் தோட்டங்களிலும், சிலர் ஈப்போவின் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் பணியாற்றுகின்றீர்கள். வேலை செய்யும் இடம் வெவ்வேறாக இருப்பினும், நான் செல்லும் இடமெல்லாம் கேட்கும் குறை ஒன்றாகவே இருக்கின்றது. "கூட்டம், கூட்டம் என்று கூப்பிடுகிறார்கள் ஐயா. போய் உட்காருகிறோம். நாம் எதைச் சொன்னாலும் மேலே இருப்பவர் வேண்டாம் என்கிறார். எழுந்து வந்துவிடுகிறோம்." இந்தக் குறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

நம் முன்னோர் தோட்டத்தில் பெரட்டுக்குப் போனார்கள். விடியுமுன் வரிசையில் நின்றார்கள், பெயர் கூப்பிடப்பட்டது, எந்த நிரைக்கு யார் என்று கட்டளை பிறந்தது, கலைந்தார்கள். அங்கே பேசுகின்றவர் ஒருவர், கேட்கின்றவர் எல்லாரும். பெரட்டு என்பது கட்டளை பெறும் இடம். அது கூட்டம் அன்று. ஆனால் கூட்டம் என்று பெயரிட்டு இன்று நடத்தப்படுவனவற்றுள் பல, நாற்காலி போட்ட பெரட்டாகவே இருக்கின்றன. நின்று கேட்டதை இப்போது உட்கார்ந்து கேட்கின்றோம்; வேறுபாடு அவ்வளவே. இந்தப் பழக்கத்திற்கு மேலே இருப்பவர் மட்டும் காரணரல்லர். வாய்ப்பு வரும்போது தலை குனிந்துகொண்டு, வெளியே வந்து தேநீர்க் கடையில் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கும் நாமும் காரணராவோம்.

இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. என் கையெழுத்திலேயே இதற்குச் சான்று உண்டு.

பள்ளித் தேர்வை முடித்து, ஆசிரியர் பயிற்சிக்குக் காத்திருந்த காலத்தில், இம்மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் சில மாதங்கள் எழுத்து வேலை பார்த்தேன். அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. மாதந்தோறும் நிர்வாகி, கிராணிமார், மண்டோர்கள் கூடுவார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. ஒரு மாதம், வயதில் மூத்த மண்டோர் ஒருவர் எழுந்து, "தாழ்வான காட்டில் கால்வாயைக் கடக்கப் போட்ட பலகை உளுத்துவிட்டது. குலை ஏற்றிய தள்ளுவண்டியை அதன்மேல் கொண்டுவர ஆட்கள் அஞ்சுகிறார்கள். புதுப் பலகை போட வேண்டும்" என்றார். நிர்வாகி, "இந்த ஆண்டு அதற்கு ஒதுக்கீடு இல்லை" என்றார். நான் எழுதினேன்: "ஆலோசனை குறித்துக்கொள்ளப்பட்டது."

அடுத்த மாதமும் அவர் எழுந்தார்; அதே மறுமொழி கிடைத்தது; நானும் அதையே எழுதினேன். மூன்றாம் மாதமும் அவ்வாறே. நான்காம் மாதக் கூட்டம் வருமுன் மழை வந்தது. குலை வெட்டும் இளைஞர் ஒருவர் வண்டியோடு கால்வாயில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. பல வாரங்கள் அவரால் அரிவாளைத் தூக்க இயலவில்லை. அவருடைய மனைவி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. மறுநாள் காலையில் அங்கே புதுப் பலகை போடப்பட்டது. கையிருப்பில் கிடந்த பலகைதான். அதற்கு ஒதுக்கீடு தேவைப்படவே இல்லை.

அந்தக் குறிப்பேட்டை அன்று திருப்பிப் பார்த்தேன். மூன்று மாதமும் என் அழகான கையெழுத்தில், "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று இருந்தது. யார் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. எந்த நாளுக்குள் என்பது இல்லை. எத்தனை பேர் அந்தப் பலகையைக் கடக்கின்றார்கள் என்பதும் இல்லை. மண்டோர் தம் கடமையைச் செய்தார். நான் அவருடைய சொல்லை ஏட்டில் புதைத்தேன். பின்னாளில் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் எத்தனையோ கூட்டக் குறிப்புகளை எழுதியிருக்கின்றேன். அந்தச் சொல்லை மட்டும் அதன்பின் நான் எழுதியதில்லை.

அன்பர்களே, மேலதிகாரி ஒருவர் எல்லாவற்றிற்கும் "வேண்டாம்" என்று சொல்வது ஏன்? அவர் கெட்டவர் என்பதால் என்று எளிதாக முடிவு கட்டிவிடக்கூடாது. ஒரு யோசனைக்கு அவர் இசைவு தந்து, அது தவறிப்போனால், மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. செலவு அவர் பெயரில் எழுதப்படும். மறுத்துவிட்டாலோ, அவரை எவரும் கேட்பதில்லை. மறுத்ததால் வந்த நட்டம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. பலகையின் விலை ஏட்டில் உண்டு. பலகை போடாததன் விலை ஏட்டில் இல்லை. ஆகவே, மறுப்பின் விலையை ஏட்டில் ஏற்றுவதே நாம் செய்ய வேண்டிய முதல் வேலை. இன்றைய என் உரையின் சாரமும் இதுவே.

இதற்கு நம் தொழிலின் வரலாற்றிலேயே இரண்டு பெரிய சான்றுகள் உள்ளன.

முதலாவது, ரப்பரின் கதை. 1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த வழியில் வந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள், இங்கிருந்து வடக்கே உள்ள நம் கோலாகங்சாரில் நடப்பட்டன. ஆனால் மரம் வளர்ந்ததே தவிர, தோட்டக்காரர் எவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அவர்கள் நம்பிய பயிர் காப்பி.

1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக ஹென்றி ரிட்லி என்பவர் வந்தார். ரப்பர் இந்நாட்டிற்கு ஏற்ற பயிர் என்று அவர் காண்போரிடமெல்லாம் சொன்னார். பலன் தரப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய மரத்தில் யார் பணம் போடுவார்கள் என்று தோட்டக்காரர்கள் அவரை ஒதுக்கினார்கள். "பைத்தியக்கார ரிட்லி" என்று பட்டப்பெயரும் சூட்டினார்கள்.

ரிட்லி அவர்களோடு வாதாடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அமேசான் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் சிதைந்துபோகும். ரிட்லி தம் தோட்டத்து மரங்களிலேயே சோதனை செய்தார். பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மறுபடியும் மறுபடியும் புதுப்பித்தால் பால் தொடர்ந்து வரும், பட்டையும் மீண்டும் வளரும் என்று கண்டார். நம் பாட்டன்மார் விடியற்காலையில் கத்தியோடு செய்த வேலையின் அடிப்படை அதுவே. மரம் செத்துப்போகும் என்ற அச்சத்திற்கு அவர் சொல்லால் பதில் கூறாமல் மரத்தையே காட்டினார். விதை கேட்டவர்களுக்கு விதை கொடுத்தார். கேட்காதவர்களின் கையிலும் திணித்தார்.

1890-களின் நடுவில் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனத் தோட்டக்காரர் முதலில் துணிந்து ரப்பரைப் பயிரிட்டார். பின்னர் காப்பியின் விலை சரிந்தது. மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. மறுத்தவர்களே விதைக்கு ஓடினார்கள். 100 வயது வரை வாழ்ந்து 1956-இல் மறைந்த ரிட்லி, தாம் சொன்னது ஒரு நாட்டின் பொருளாதாரமாகவே மாறியதைக் கண்டார். அந்த மரத்தை நம்பித்தான் நம் முன்னோர் பல்லாயிரவர் கப்பலேறி வந்து, இந்நாட்டுக் காட்டைத் திருத்தி, இன்பமும் துன்பமும் கண்டார்கள்.

இரண்டாவது சான்று, செம்பனையின் கதை. உங்களுள் மூத்த பெண்மணிகள் சிலருக்கு இது நினைவிருக்கலாம். ஒரு காலத்தில் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தத் தூளை ஆட்களே தூவி வந்தார்கள். நிரை நிரையாக நடந்து, முள் நிறைந்த மட்டைகளுக்கிடையே கையை விட்டு, பூவைத் தேடித் தூவ வேண்டும். செம்பனையில் மகரந்தத்தைக் காற்றே கொண்டுசெல்கின்றது என்று நூல்கள் கூறின. காற்று போதாத இடத்தில் கை தேவைப்பட்டது. அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டியிருந்தது.

லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட நிர்வாகி, செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டில் பணியாற்றியவர். அங்கே ஆண் பூக்களில் சிறு வண்டுகள் மொய்த்திருப்பதைத் தம் கண்ணால் கண்டவர். பின்னர் சபாவுக்கு வந்தபோது, இங்கே வண்டும் இல்லை, காய்ப்பும் சரியில்லை என்பதைக் கவனித்தார். வண்டுதான் மகரந்தத்தைச் சுமக்கின்றது என்று எழுதினார். காற்றே சுமக்கின்றது என்பதுதான் அறிஞர்களிடமிருந்து அவருக்குக் கிடைத்த பதில். அவருடைய கருத்து பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. நிர்வாகியாக இருந்தவருக்கே இக்கதி என்றால், நம் மண்டோரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1970-களில் தம் நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் உயர்பொறுப்பை அடைந்தபின், டேவிட்சன் அந்தக் கேள்வியை மீண்டும் எடுத்தார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூனுக்கு அனுப்பப்பட்டார். பூச்சிகளைத் தடுத்தும் அனுமதித்தும் ஒப்பிட்டுப் பார்த்து, வண்டின் பங்கை அவர் உறுதிப்படுத்தினார். ஆயினும் வண்டை உடனே கொண்டுவந்து விட்டுவிடவில்லை. வெளிநாட்டுப் பூச்சியால் நம் நெல்லுக்கும் மற்றப் பயிர்களுக்கும் கேடு வந்தால் என் செய்வது? அது நியாயமான அச்சம். ஆகவே அடைத்துவைத்துச் சோதித்தார்கள். கேடு இல்லை என்று தெளிந்த பிறகே அரசு இசைவு தந்தது. 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் முதலில் வண்டுகள் விடப்பட்டன. காய்ப்பு பெருகியது, வண்டு நாடெங்கும் பரவியது, கையால் மகரந்தம் தூவும் வேலை பெரும்பாலும் தேவையற்றுப் போயிற்று.

இவ்விரு வரலாறுகளிலும் நமக்குப் பாடங்கள் மூன்று உள்ளன. மறுக்கப்பட்டவர்கள் கோபத்தை விட்டுக் கவனித்ததைக் கையில் எடுத்தார்கள். முழுத் தோட்டத்தையும் மாற்றச் சொல்லாமல், ஓர் இடத்தில் சோதித்துக் காட்டினார்கள். மறுப்பவரின் அச்சம் நியாயமாக இருந்தபோது அதற்கு விடை கண்டார்கள். ஜப்பானில் 1962-இல் தொடங்கிய தர வட்டங்களும் இதே வழியில் நடந்தவையே. வேலை செய்வோர் சிறு குழுவாகக் கூடி, தங்கள் வேலையில் உள்ள ஒரு குறையை எடுத்துக்கொண்டு, எண்ணி, காரணம் தேடி, திருத்தம் கண்டு, மேலிடத்திற்குக் கொடுத்தார்கள். 1980-களில் நம் நாட்டின் அரசு அலுவலகங்களிலும் அத்தகைய குழுக்கள் அமைக்கப்பட்டன.

இனி, நீங்கள் செய்யத்தக்கவற்றைக் கூறுகின்றேன்.

கூட்டத்திற்கு முன்னர் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்துக் குறைகளை ஒருசேரக் கொட்டினால், பத்தையும் ஒரே சொல்லால் ஒதுக்குவது எளிது. அந்தப் பொருளை எண்ணுங்கள். "இயந்திரம் அடிக்கடி நிற்கிறது" என்னாமல், "இரண்டு வாரத்தில் இத்தனை முறை நின்றது, ஒவ்வொரு முறையும் இத்தனை நிமிடம்" என்று ஒரு தாளில் நாள் போட்டு எழுதுங்கள். பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகமே இதற்குப் போதும். அன்று எங்கள் மண்டோர், அந்தப் பலகையைத் தவிர்க்கச் சுற்றிப் போவதால் நாளுக்கு எத்தனை நடை குறைகின்றது, எத்தனை குலை காட்டிலேயே கிடக்கின்றது என்று எண்ணிக் கொண்டுவந்திருந்தால், நிர்வாகிக்கும் மேலிடத்தில் காட்ட ஒரு கணக்குக் கிடைத்திருக்கும். அவரை எண்ணச் சொல்லும் அறிவு, எழுத்து வேலை பார்த்த எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்!

முடிந்தால், கூட்டத்திற்கு முன்பே அதிகாரியைத் தனியே கண்டு சொல்லிவிடுங்கள். பலர் முன்னிலையில் புதிதாக ஒன்றைக் கேட்டால், தற்காத்துக்கொள்ள மனிதர் மறுத்துவிடுவது இயல்பு.

கூட்டத்தில் பேசும்போது சிறு சோதனையையே கேளுங்கள். "எல்லாப் பிரிவிலும் மாற்றுங்கள்" என்பதைவிட, "ஒரு பிரிவில், ஒரு மாதம் செய்து பார்ப்போம், பயன் இல்லையென்றால் விட்டுவிடுவோம்" என்பது ஏற்பதற்கு எளிது. அப்போதும் வேண்டாம் என்றால், மரியாதை குறையாமல், "எது சரியாக இருந்தால் இதை ஏற்கலாம் என்று சொல்லுங்கள் ஐயா, அதைச் சரிசெய்துகொண்டு வருகிறோம்" என்று கேளுங்கள். செலவா, ஆள் பற்றாக்குறையா, பாதுகாப்பா என்பது அப்போது வெளிப்படும். வெறும் "வேண்டாம்" என்பதற்குப் பதில் சொல்ல இயலாது. காரணத்திற்குப் பதில் தேடலாம். தேடும்போது, நம் யோசனைதான் தவறு என்று தெரியவருவதும் உண்டு. அதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை.

கூட்டம் முடியும்போது குறிப்பில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள், மறுக்கப்பட்டதாயின் என்ன காரணம். அடுத்த கூட்டம் அந்தக் குறிப்பைப் படிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். குறிப்பு எழுதும் இளைஞர்களுக்கு நான் தனியாக ஒன்று சொல்வேன்: உங்கள் பேனா சிறிய கருவி அன்று. ஒருவருடைய சொல் வாழ்வதும் புதைவதும் அதன் முனையில் இருக்கின்றது.

உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தான செய்தியாயின், பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டமே உங்களுக்குத் துணை நிற்கின்றது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். 1996-இல் வந்த விதிகளின்படி, அக்குழு குறைந்தது மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும். 100 பேர் வரை உள்ள இடத்தில் குறைந்தது 2 தொழிலாளர் பிரதிநிதிகள். அதற்கு மேற்பட்டால் குறைந்தது 4 பேர். பாதுகாப்பைப் பற்றி முறையிட்டார் என்பதற்காகவோ, அக்குழுவில் இருக்கிறார் என்பதற்காகவோ ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் தடுக்கின்றது. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் உள்ள தொழிலாளர், முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். உங்கள் வேலையிடத்தில் அக்குழு இருக்கின்றதா, உங்கள் பிரதிநிதி யார் என்பதை நாளைக்கே கேட்டறியுங்கள். கேட்டும் பயனில்லையெனில் தொழிற்சங்கத்தையும் பாதுகாப்பு, சுகாதாரத் துறையையும் நாடுங்கள்.

இந்த அவையில் மண்டோர்களும் மேற்பார்வையாளர்களும் இருக்கின்றீர்கள். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லா யோசனையையும் ஏற்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு: முழுதும் கேட்டபின் மறுப்பது, காரணம் சொல்லி மறுப்பது, மறுபடி எப்போது கேட்கலாம் என்று சொல்லி மறுப்பது. முடிவு செய்ய ஒன்றுமில்லாத வாரத்தில் கூட்டமே வேண்டாம். அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட்டால் போதும். குறை சொல்லித் திருத்துவோர் அருகில் இல்லாத அரசன், பகைவர் இல்லாமலேயே கெடுவான் என்னும் கருத்தை வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வைத்திருக்கின்றார். உங்களிடம் வந்து குறை சொல்பவர் உங்களை இன்னும் நம்புகின்றார் என்று பொருள். அவர் பேசுவதை நிறுத்திவிட்ட நாளில்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

இவ்வாறெல்லாம் செய்தால் எல்லா மறுப்பும் மாறிவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. மாறாத மேலாளரும் உண்டு. ஆனால் நாள் போட்டு, எண்ணிக்கையோடு, காரணத்தோடு ஏட்டில் ஏறிய செய்தி, அந்த மேலாளர் மாறிப்போன பின்னும் அங்கேயே இருக்கும். அடுத்து வருபவர் அதைப் படிப்பார்.

அந்த மூத்த மண்டோர், இளைஞர் விழுந்த பிறகு நடந்த கூட்டத்திலும் வந்து அமர்ந்தார். "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, மேற்குக் காட்டிலும் இப்படி இரண்டு பலகை இருக்கிறது. இந்தத் தடவை எண்ணைப் போட்டு எழுது" என்றார். எழுதினேன். அந்த மாதத்திற்குள் இரண்டும் மாற்றப்பட்டன.

உங்கள் அடுத்த கூட்டத்திற்கும் ஒரு பொருளை எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள்.